பவுல்ராஜ் தேர்ந்தெடுத்த புகையிலை

புகை குடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொடி போடுகிற நீங்கள் இதைப் பேசலாமா என்று என் மனைவி சேஷம்மாள் கேட்பாள். பொடி வேறு, புகை வேறு. பொடி போடுகிறவன் தன் மூக்கைத்தான் கெடுத்துக்கொள்கிறான், அடுத்தவன் முகத்தில் ஊதுவதில்லை. இந்த நியாயத்தைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிவருகிறேன், அவள் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் பவுல்ராஜ் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அந்த மனுஷன் சிகரெட்டை விட்டுத் தொலைத்தால் போதும் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

நான் கல்பாத்திக்காரன், பெயர் பஞ்சாபகேசன். எழுபதுகளில் தேவிகுளத்துக்கு மேலே சோலைமட்டம் எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரி கிளார்க்காக இருந்தேன். பவுல்ராஜ் அங்கே டீமேக்கர். அவர் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் பாத்திரம் அதிரும். அவரும் ஓயாமல் இருமுகிறவர்தான்.

டீமேக்கர் என்றால் டீ போடுகிறவர் என்று ஊரில் என் மச்சினன் நினைத்துக்கொண்டிருந்தான், மடையன். பறித்து வந்த கொழுந்தை வாட்டி, உருளையில் போட்டு நசுக்கி, சிமெண்டுத் தரையில் பரப்பி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை வாடை போய், பழுத்த பழம் போல ஒரு வாசம் எழும்பும். அது உச்சிக்கு வந்த சமயத்தில் அள்ளி டிரையரில் போட்டுச் சுட்டுவிட வேண்டும். முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் சாரமே இருக்காது. மழை, குளிர், இலை எல்லாவற்றையும் பொறுத்து அந்த நேரம் மாறிக்கொண்டே இருக்கும். கடிகாரத்தை நம்பினால் கெட்டோம். பவுல்ராஜ் இரண்டு கையாலும் இலையை அள்ளி, அதில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு தலையை நிமிர்த்தி, "போடுலே" என்பார். டிரையர்க்காரன் சுடலை அள்ளிப் போடுவான். எஸ்டேட்டில் இத்தனை பேர் சாப்பிடும் சோறு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

அவருடைய அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆள். பவுல்ராஜும் ஃபாக்டரித் தரை கழுவுகிற வேலையில்தான் சேர்ந்தார். ஒருநாள் மாடியில் எங்கோ மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று அடம்பிடித்திருக்கிறார். ஒருத்தரும் நம்பவில்லை. தேடிப் பார்த்தால், கொழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அரிக்கன் விளக்கு கசிந்துகொண்டிருந்ததாம். அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை இவர் மூக்கைப் பார்த்து மயங்கி, படிப்படியாக ஏற்றிவிட்டார். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவருக்குக் காக்கி உடுப்பு, பூட்ஸ், ஓடு போட்ட குவார்ட்டர்ஸ் எல்லாம் வந்தன. வேலை இருக்கிற வரைக்கும்தான் குவார்ட்டர்ஸ். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபாக்டரிக்குள் மல்லிகைப்பூ கூடாது, வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது. தேயிலை சலிக்கிற பெண்களைப் பவுல்ராஜ் வாசலிலேயே நிறுத்தி, தலையில் பூ இருந்தால் வெளியே மரக்கிளையில் மாட்டிவிட்டு வரச் சொல்வார். "இவருக்கும் ஒரு பொண்டாட்டி இருக்காளே, பாவி மக" என்று அவர்கள் முணுமுணுப்பார்கள். அவருக்கும் அதே சட்டம்தான். சிகரெட் குடிக்க கேட்டுக்கு வெளியே போவார். குடித்து முடித்து வாய் கொப்பளித்து, கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படிப் போய்வருவார் என்று கேட்காதீர்கள், வாட்ச்மேன் கேட்டை மூடுவதையே விட்டுவிட்டான்.

எழுபத்துநாலாம் வருஷம், கோடை முடிகிற சமயம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பவுல்ராஜ் வீட்டில் கருவாடு வறுத்தார்கள். அந்த வீட்டில் கருவாடு வறுத்தால் முதலில் எங்களுக்குத்தான் தெரியும். சேஷம்மாள் உடனே ஜன்னலைச் சாத்திவிட்டு, சாம்பிராணி போடுவாள். அன்றைக்கு நானே ஜன்னலைச் சாத்தப் போனபோது பவுல்ராஜ் தன் வாசல்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்து, "ஏட்டி சாந்தம், இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டார்.

அவர் மனைவி சாந்தம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருக்கோடி நாயெல்லாம் வந்து வாலாட்டிக்கொண்டு நிற்கிறது, இந்த மனுஷன் என்ன கறி என்று கேட்கிறார். அவள் கண் நிறைந்துவிட்டது. ஜன்னலில் நிற்கிற என்னை அப்போதுதான் பவுல்ராஜ் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் தானாகவே என்னைத் தேடி வந்தார்.

"அய்யரு சார், ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மறைச்சுப் பிரயோசனம் இல்ல."

"எத்தனை நாளாவாக்கும் இப்படி?"

"போன மழைக்கே வாசம் கொறைஞ்சுபோச்சு சார். இப்ப சுத்தமா இல்ல. கலரைப் பாக்கேன், பொறங்கைய வச்சுச் சூடு பாக்கேன், வாட்சைப் பாக்கேன். அப்படியே ஓட்டுதேன். வெயில்ல சமாளிச்சுரலாம். மழை எறங்கிட்டா கலரும் ஏமாத்தும், சூடும் ஏமாத்தும். தொலைஞ்சேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீரா?"

"காட்டினேன். சிகரெட்ட விடு, வந்தாலும் வரும், வராட்டியும் போகும்னுட்டாரு. மூக்கு இல்லாத டீமேக்கர எவன் சார் வச்சுக்கிடுவான்? வேலை போனா வீடு போகும். இந்த வயசுல எங்க போவேன்? நாங்குநேரியில எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஊதி ஊதி, சோறு போடுகிற மூக்கையே கரியாக்கிக்கொண்டிருக்கிறாரே என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வாங்கிக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சிகரெட்டை விட்டுத்தான் பார்த்தார். சுடலையை அடிக்கக் கை ஓங்கினார், சாந்தம்மாள் வைத்த சாப்பாட்டைத் தட்டோடு தள்ளினார். பிறகு ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து குடித்துவிட்டு அழுதார். அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டை விட்டுப் போகிற உதவி மானேஜர் சின்னத்துரை, வேண்டாத சாமான்களையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கு ஒரு குடை. பவுல்ராஜுக்கு ஒரு பைப்பு. பைப்புப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்திருந்து விட்டுவிடுவதுதான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"உள்ள போகாத பொகை மூக்க என்ன சார் செய்யும்?" என்றார் பவுல்ராஜ். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

"ஒரு பிசாசை இறக்கிட்டு இன்னொண்ணை ஏத்திக்கிறதாக்கும் இது" என்றேன்.

"இந்தப் பிசாசு சின்னப் பிசாசு சார்."

லாரி டிரைவர் சின்னமுத்து கொச்சிக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகிறவன். கப்பல்காரர்கள் வாங்குகிற ஒரு கடையிலிருந்து மூன்று தினுசுப் புகையிலை வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், மூன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு பவுல்ராஜ் எங்கள் வராந்தாவுக்கு வந்தார். கூடவே மூன்று கோப்பையும் ஒரு கெட்டில் வெந்நீரும் கொண்டுவந்தார். வெந்நீர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரலால் நெருடினார், உடைத்துப் பார்த்தார். அப்புறம் அதைக் கோப்பையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடிவைத்தார். தேயிலை ருசி பார்க்கிற முறை! அந்த மனுஷனுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

"அதைக் குடிக்கப் போறாரா என்ன?" என்று சேஷம்மாள் ஜன்னலுக்குள்ளிருந்து பதறினாள்.

குடித்தேவிட்டார். சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, முற்றத்தில் துப்பினார். முகம் கோணிப் போய், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சேஷம்மாள் ஓடிவந்து மோர் கொடுத்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. "அய்யய்யோ, கொல்லுது சார்" என்று அவரும் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு முறைப்படி பைப்பில் வைத்துப் பார்த்தோம். முதல் டப்பாவில் இருந்தது பழைய புளி மாதிரி கறுத்து அழுந்திக் கிடந்தது. இரண்டு இழுப்பில் விக்கல் எடுத்துவிட்டது. இரண்டாவது சாதுவான தினுசு. காய்ந்த வைக்கோல் நிறம், வைக்கோல் வாசம்தான். தொண்டையையும் உறுத்தவில்லை, நின்று எரிந்தது. சின்னத்துரையும் அதைத்தான் பிடிப்பாராம். "இது போறும் ஓய், இதை வச்சுக்கோரும்" என்றேன். பவுல்ராஜ் அதை மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

மூன்றாவது டப்பாவின் மேல் சிவப்புப் பழக்கொத்து படம் போட்டிருந்தது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், எனக்குத் தும்மல் வந்துவிட்டது. பொடி போட்டு மரத்துப்போன என் மூக்குக்கே அப்படி. "யாரு அங்க சென்ட் குப்பியை ஒடைச்சது?" என்று உள்ளேயிருந்து சேஷம்மாள் குரல் கொடுத்தாள்.

பவுல்ராஜ் டப்பாவுக்குள் மூக்கை விட்டார். அப்படியே இருந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"சார், வருது சார். வாசம் வருது! பழவாசம்... மிட்டாய் வாசம்... சாமி சத்தியமா வருது சார்!"

"ஓய், அது இங்க தொறந்தா கல்பாத்தித் தேர்முட்டி வரைக்கும் மணக்குமாக்கும். அதுல உமக்கு வந்தது என்ன அதிசயம்?" என்று கேட்டேன். அதை அவர் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "ஏ சாந்தம், இங்க வாட்டி!" என்று கூப்பிட்டார். புகையிலையை யாரும் அப்படித் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. நல்லதா, கெட்டதா, தொண்டைக்கு ஆகுமா, ஆகாதா, எதையும் அவர் யோசிக்கவில்லை. தன் மூக்குக்கு எட்டியது எது, அது போதும்.

அதற்கப்புறம் சிகரெட்டைத் தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இருமலும் தணிந்தது. பைப்பை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். அப்படியும் சலிக்கிற பெண்கள், "டீமேக்கரு வாராரு, கிறிஸ்மஸ் வந்துட்டுது, கேக்கு மணக்குது" என்று கேலி செய்வார்கள். தினம் காலையில் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பார். இது வந்துவிட்டது, இனி மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வரும் என்பது அவர் கணக்கு. ஒருநாள், "ரசத்துல பெருங்காய வாசம் வந்துச்சு சார்" என்று பூரித்துப்போய் வந்து சொன்னார். அன்றைக்குத் தங்கள் வீட்டில் ரசமே வைக்கவில்லை என்று சாந்தம்மாள் சேஷம்மாளிடம் சொல்லி அழுதாள்.

மழை இறங்கியது. எங்கள் மலையில் மழைக்காலத்தில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, உப்பு தண்ணீராக ஓடும். பவுல்ராஜின் புகையிலையிலும் வெள்ளையாகப் பூசணம் கட்ட ஆரம்பித்தது. அவருக்கு உயிரே போய்விட்டது. மற்றவனாக இருந்தால் அடுப்பு மேட்டில் வைத்திருப்பான். இவர் தேயிலைக்காரர், இலை என்றால் அதைச் சுடுவதற்கு ஒரே இடம்தான் தெரியும். டிரையருக்குப் பின்னால், காற்றாடி சூட்டுக் காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற ஒரு சின்ன அறை. அங்கே ஒரு தட்டில் புகையிலையைப் பரப்பி வைத்துவிட்டார்.

பூ வைத்த பெண்களை விரட்டுகிற மனுஷன் இதை எப்படிச் செய்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். டப்பாவுக்குள் மூக்கை விட்டால்தான் அவருக்கு வாசம் வரும். முழம் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் இல்லை. தனக்கு ஒன்றும் இல்லாவிட்டால் உலகத்துக்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மானேஜர் பெரியதுரை ருசி பார்க்கிற நேரம். முந்தின நாள் தேயிலையெல்லாம் கோப்பைகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். பவுல்ராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். துரை முதல் கோப்பையை உறிஞ்சினார், நின்றார், துப்பினார். இரண்டாவதை உறிஞ்சினார், கோப்பையை மேஜையில் இடித்து வைத்தார். கடைசிக் கோப்பை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன இது? டீயா, மிட்டாய்க் கடையா? நேத்து டிரையரில் யார்?"

சுடலையைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகி மாதம்கூட ஆகவில்லை, மாமியார் வீட்டுச் சீராக வந்த வாசனை எண்ணெய் தலையில் மினுமினுத்தது. துரை கிட்டே போய் மோந்து பார்த்தார். அவ்வளவுதான். "பஞ்சாபகேசன், இவன் கணக்கை முடித்து அனுப்பு" என்றார்.

"தொரை, சத்தியமா இன்னைக்குத்தான் தேச்சேன் தொரை, நேத்து தேக்கல" என்று சுடலை துரையின் காலில் விழப் போனான். துரை விலகிக்கொண்டார். ஒரு கோப்பையை எடுத்துப் பவுல்ராஜிடம் நீட்டினார்.

"நீ பார். நீ சொன்னால் சரி. எண்ணெய் வாசம்தானே?"

பவுல்ராஜ் கோப்பையை வாங்கினார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவர் மூக்கு ரகசியமும் வேலையும் வீடும் பத்திரம். சுடலை ஒழிந்தான். அவர் உறிஞ்சினார், ஆவியில் மூக்கைப் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல நின்றார். கண்ணைத் திறந்து துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அய்யரு சார், நீங்க மோந்து சொல்லுங்க. இது என் டப்பா வாசமா?"

நான் மோந்தேன். மோந்துதான் தெரிய வேண்டும் என்று இல்லை. "ஆமாம் பவுல்ராஜ்" என்றேன்.

"தொரை, சுடலைய விட்ருங்க" என்றார் பவுல்ராஜ். "எண்ணெய் இல்ல, என் பைப்புப் பொகையெல. நான்தான் காத்தாடி ரூம்புல காயவச்சேன்."

"நீயா? இவ்வளவு வாசம், உனக்குத் தெரியவில்லையா?"

"தெரியல தொரை. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. போன மழையிலேருந்து ஒங்கள ஏமாத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

துரை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சுடலையை வேலைக்குப் போகச் சொன்னார். முந்தின நாள் தேயிலை முழுவதையும் குழி வெட்டிப் போட்டோம். பவுல்ராஜை வேலையை விட்டு அனுப்பவில்லை. மலை உச்சியில் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மாற்றினார். அங்கே மூக்கு வேண்டாம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு லயத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டுக்குப் போக வேண்டும். எந்த லயத்தில் பிறந்தாரோ, அதே லயம்.

சாமான் கட்டுகிற அன்று சேஷம்மாள் உதவிக்குப் போனாள். "சிகரெட்ட விட்டாகளே அம்மா, நெஞ்சு இருமல் இல்லாம தூங்குதாக. எனக்கு அது போதும்" என்றாளாம் சாந்தம்மாள். நான் போனபோது பவுல்ராஜ் வெறும் வராந்தாவில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன பழவாசப் புகையிலையைப் பைப்பில் திணித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓய், உமக்கு வெக்கமா இல்லையா? இந்த எழவாலதானே எல்லாம் போச்சு! இதைத் தூக்கி ஓடையில எறியப்படாதா? பைப்பு இல்லாம முடியாதுன்னா அந்த ரெண்டாவது டப்பா இருக்கே, சாது, அதைப் பிடிச்சுத் தொலையுமேன்!"

அவர் கோபப்படவில்லை. டப்பாவைத் திறந்து, மூக்கை வைத்து ஒரு நீள மூச்சு இழுத்தார்.

"சார், எம் மக இங்க வந்து பிள்ளை பெத்துட்டுப் போனா. அந்தப் பச்சப்புள்ளையத் தூக்கி உச்சியில மூக்க வச்சுப் பாத்தேன். ஒண்ணும் வரல சார். வெறும் முடி. இந்தப் பூமியில எனக்குன்னு மிச்சம் இருக்குற வாசம் இது ஒண்ணுதான். இதையும் எறியச் சொல்லுதீங்களா?"

அவர் தீக்குச்சியை உரசினார், மழையில் நமத்துப்போய்ப் பற்றவில்லை. இன்னொன்று உரசினார், அதுவும் தலை உதிர்ந்துபோயிற்று. நான் எங்கள் அடுப்படிக்குப் போய், உலர்ந்த தீப்பெட்டி எடுத்துவந்து, காற்றுக்குக் கையை மறைத்துப் பிடித்து, நானே பற்றவைத்துக் கொடுத்தேன்.